மதம் மாறாமல், மதச் சடங்கும் இல்லாமல் திருமணம் செய்துகொள்ள முடியுமா?

கேள்வி: எனக்கு 28 வயது. வீட்டுக்கு ஒரே பிள்ளை. கல்லூரிக் காலத்திலேயே கடவுள் நம்பிக்கை போய்விட்டது. நான் திருமணம் செய்துகொள்ள இருப்பவர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கும் நம்பிக்கை கிடையாது. நான் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டால்தான் திருமணம் என்கிறார்கள் அவர் வீட்டில். கோயிலில் தாலி கட்டினால் சம்மதம் என்கிறார்கள் எங்கள் வீட்டில். யாராவது ஒருவர் மதம் மாறாமல் கல்யாணம் செல்லாது என்கிறார் மாமா. "மதத்தை விட்டுப் போனால் சொத்தில் ஒரு பைசா கிடையாது, வெள்ளைக்காரனைப் பார்த்து ஆடுகிறீர்கள்" என்கிறார் அப்பா. என் வருங்காலக் கணவர் ஃபேஸ்புக்கில் மதங்களை விமர்சித்து எழுதுவார். அதற்காகப் போலீசில் புகார் கொடுப்பேன் என்று ஓர் உறவினர் மிரட்டுகிறார். நாளை குழந்தை பிறந்தால் பள்ளியில் மதம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? அப்பா இதய நோயாளி. அவருக்கு ஒன்று என்றால் நான்தான் காரியம் செய்ய வேண்டியிருக்கும். நம்பிக்கை இல்லாமல் செய்தால் அது பொய் இல்லையா? எங்களுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தமிழ்நாடு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இருக்கிறது. நீங்கள் நினைப்பதைவிடத் தாராளமாகவே இருக்கிறது. மாமா சொல்வது தவறு. அப்பா சொல்வதில் கொஞ்சம் சரி, பெரும்பகுதி தவறு. குடும்ப வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராக முதலில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். நம்பிக்கை இல்லாதவராக வாழ்வதற்கு நீங்கள் எந்த அலுவலகத்திலும் எதையும் அறிவிக்க வேண்டாம், எதையும் துறந்ததாக எழுதிக் கொடுக்க வேண்டாம், வேறொன்றுக்கு மாறவும் வேண்டாம். கோபத்திலோ அவசரத்திலோ அப்படி எதையாவது எழுதிக் கொடுத்தால்தான் பின்னால் சிக்கல் வரும்.

அரசியலமைப்பின் 25ஆவது பிரிவை மதச் சுதந்திரப் பிரிவு என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதில் மதத்தைப் பின்பற்றும் உரிமைக்கு முன்பாகவே மனசாட்சிச் சுதந்திரம் சொல்லப்பட்டிருக்கிறது. இது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஒரு வழக்கு. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. தங்கள் நம்பிக்கை அதற்கு இடம் கொடுக்கவில்லை என்றார்கள். பள்ளி அவர்களை வெளியேற்றியது. 1986ல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்தப் பிள்ளைகள் ஆழ்ந்த நம்பிக்கை கொண்டவர்கள், நீங்கள் நம்பிக்கை இல்லாதவர். ஆனால் உள்ளம் ஏற்காத ஒன்றை வாயால் சொல்ல வைக்கக் கூடாது என்பது உங்கள் இரு தரப்புக்கும் பொதுவானது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விக்கு இது உதவும்.

இப்போது திருமணம். உங்கள் வீட்டார் கேட்கும் கோயில் திருமணம் எளிய சமரசமாகத் தோன்றும், ஆனால் சட்டப்படி அதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. இந்து திருமணச் சட்டத்தின் கீழ் மணமக்கள் இருவருமே இந்துக்களாக இருக்க வேண்டும். இந்துப் பெண் ஒருவரும் கிறிஸ்தவ ஆண் ஒருவரும் கோயிலில் தாலி கட்டி, அந்தச் சட்டத்தின் கீழ் பதிவும் செய்திருந்த திருமணத்தை 2008ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தும் பயன் இல்லை. "அவர்தான் கிறிஸ்தவ நம்பிக்கையே இல்லாதவர் ஆயிற்றே" என்று நீங்கள் கேட்கலாம். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் உள்ள ஒருவர் கிறிஸ்தவரா இல்லையா என்று பிற்காலத்தில் நீதிமன்றத்தில் வாதாடும் நிலைக்கு உங்கள் திருமணம் போக வேண்டாம்.

சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ளலாமே என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967ல், இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு தமிழ்நாட்டுக்காகச் சேர்க்கப்பட்டது. புரோகிதர் வேண்டாம், அக்னி வேண்டாம். உறவினர், நண்பர் முன்னால் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை அல்லது மோதிரம் மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். அதற்கு ஊரைக் கூட்டி விழா எடுக்கத் தேவையில்லை என்று 2023ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நம் மாநிலம் பெருமைப்பட வேண்டிய சட்டம் அது. ஆனால் அதுவும் இரண்டு இந்துக்களுக்கு இடையிலான திருமணத்துக்குத்தான். உங்கள் இருவருக்கும் பொருந்தாது.

தேவாலயத் திருமணத்துக்கு 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவர் திருமணச் சட்டம் இருக்கிறது. மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே அந்தச் சட்டத்துக்குப் போதும். மாமாவின் வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது. ஞானஸ்நானம் கேட்பது திருச்சபையின் விதி, அரசின் விதி அல்ல.

உங்களுக்கென்றே இருப்பது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இதற்கு முன்னோடியாக 1872ல் ஒரு சட்டம் இருந்தது. அதில் திருமணம் செய்ய வருபவர்கள், "நான் கிறிஸ்தவன் அல்ல, யூதன் அல்ல, இந்து அல்ல, முஸ்லிம் அல்ல, பார்சி அல்ல, பௌத்தன் அல்ல, சீக்கியன் அல்ல, ஜைனன் அல்ல" என்று எட்டு மதங்களையும் மறுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். 1954ல் சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம் அதைக் கைவிட்டது. இன்று அந்த உறுதிமொழிப் படிவத்தில் நீங்கள் எதை நம்புகிறீர்கள், எதை நம்பவில்லை என்ற கேள்வியே இல்லை. இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

நடைமுறை இப்படி: உங்களில் ஒருவர் குறைந்தது 30 நாட்கள் வசித்திருக்கும் மாவட்டத்தில், திருமணப் பதிவு அலுவலரிடம் இருவரும் கையெழுத்திட்ட அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். அறிவிப்பு அலுவலகத்தில் ஒட்டப்படும். 30 நாட்களுக்குள் யாரும் ஆட்சேபம் சொல்லலாம். ஆனால் எதை வேண்டுமானாலும் சொல்ல முடியாது. ஏற்கெனவே கணவனோ மனைவியோ இருப்பது, பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிரம்பாதது, சம்மதம் தர இயலாத மனநிலை, தடுக்கப்பட்ட உறவுமுறை, இவைதான் காரணங்கள். "எங்களுக்குச் சம்மதம் இல்லை", "வேறு மதம்" என்பவை ஆட்சேபமே ஆகாது. அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்க வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து. உங்கள் நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால் அங்குள்ள அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகும். ஆகவே வீட்டுக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். நீங்களே நேரில் சொல்லிவிடுவது நல்லது.

திருமண நாளில் அலுவலர் முன்பாக, மூன்று சாட்சிகள் முன்பாக, உங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் சட்டப்படி ஏற்பதாகச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம்தான் திருமணம். அதோடு வேறு எந்த முறையையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. எனவே வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் பதிவு அலுவலகம். அப்புறம் பெற்றோர் மனம் குளிர மாலை மாற்றுவதோ, ஒரு விருந்தோ, உங்களுக்கு உறுத்தாத எதுவோ வைத்துக்கொள்ளலாம். சாட்சிகளாக இரு வீட்டிலிருந்தும் ஆளுக்கு ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். ஒதுக்கி வைக்கப்பட்டதாக நினைக்கும் பெற்றோருக்கு அந்த அழைப்பு நிறையச் சொல்லும்.

உங்கள் கடிதத்தில் உயிருக்கு அச்சம் தெரியவில்லை. நிலைமை மாறினால் தயங்காமல் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமோ மாநகரக் காவல் ஆணையரிடமோ எழுத்தில் மனு கொடுங்கள். சக்தி வாகினி வழக்கில் 2018ல் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட தம்பதிகளுக்குப் பாதுகாப்புத் தருவதற்காக மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது.

சொத்து விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தை அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். நீங்கள் தினமும் கோயிலுக்குப் போனாலும் அந்த உரிமை அவருக்கு உண்டு. அவர் சொல்வதில் சரியான பகுதி இது மட்டும்தான். உயில் எழுதாமல் போனால் அவர் சொத்துக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். நீங்களும் அம்மாவும், அப்பாவின் தாயார் உயிரோடு இருந்தால் அவரும், சம பங்கு வாரிசுகள். நீங்கள் யாரை மணந்தீர்கள், எதை நம்புகிறீர்கள் என்பது அங்கே எழாது. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்து இருந்தால் அதில் மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு. தமிழ்நாடு 1989லும், நாடு முழுவதற்குமாக நாடாளுமன்றம் 2005லும் கொண்டு வந்த மாற்றம் இது. 2020ல் உச்ச நீதிமன்றம் அதை மேலும் தெளிவாக்கியது. உங்கள் பங்கை அப்பா உயிலால் பறிக்க முடியாது.

சிறப்புத் திருமணச் சட்டத்தின் 19ஆவது பிரிவைக் காட்டி யாராவது பயமுறுத்தக்கூடும். இந்து அல்லாத ஒருவரை இந்தச் சட்டத்தின் கீழ் மணந்தால், கூட்டுக் குடும்பத்திலிருந்து நீங்கள் பிரிந்ததாகக் கருதப்படும் என்று அது சொல்கிறது. உங்கள் பங்கு தனியாகப் பிரிந்து நிற்கும் என்பதே அதன் பொருள். பங்கு பறிபோகும் என்று அதற்குப் பொருள் இல்லை. மதத்தைத் துறந்த காரணத்துக்காக ஒருவரின் வாரிசுரிமையைப் பறிக்கக் கூடாது என்று 1850லேயே இங்கே சட்டம் வந்தது. அதே பாதுகாப்பைத்தான் அடுத்த 20ஆவது பிரிவு உங்களுக்குத் தருகிறது.

மாறாக, அவர்கள் வீட்டைத் திருப்திப்படுத்த நீங்கள் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டால் ஒரு புதிய சிக்கல் வரும். அப்போதும் அப்பாவின் வாரிசு நீங்களே. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, மதம் மாறிய பிறகு பிறக்கும் உங்கள் குழந்தைகள், இந்துக்களாக இல்லாதவரை, உங்கள் பக்கத்து இந்து உறவினர்களின் சொத்துக்கு வாரிசாக முடியாது. அப்பாவுக்கு முன்பே உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் பேரப்பிள்ளைகள் நிற்கும் இடம் இல்லாமல் போகலாம். நீங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், கிறிஸ்தவத்துக்கு மாறியதும் அந்தத் தகுதியும் போய்விடும். நம்பாத ஒரு மதத்துக்காக இவ்வளவு விலை கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. நீங்கள் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணந்த பிறகு உங்கள் சொந்தச் சொத்துக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி உயில் இல்லாமல் நீங்கள் இறந்தால் கணவருக்கு மூன்றில் ஒரு பங்கு, குழந்தைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. குழந்தை இருக்கும்போது பெற்றோருக்கு எதுவும் இல்லை. நீங்கள் ஒரே பிள்ளை. வயதான பெற்றோருக்கு உங்கள் சம்பாத்தியத்தில் ஏதாவது போய்ச் சேர வேண்டும் என்று விரும்பினால் திருமணம் முடிந்ததும் உயில் எழுதுங்கள். திருமணத்துக்கு முன்பே எழுதினால், திருமணம் ஆனதும் அந்த உயில் தானாகவே ரத்தாகிவிடும்.

"வெள்ளைக்காரனைப் பார்த்து ஆடுகிறீர்கள்" என்ற அப்பாவிடம் கோபப்படாமல் பேசுங்கள். பெரியார் சிறு குழந்தையாக இருந்த 1882லேயே சென்னை இலௌகிகச் சங்கம் என்ற நாத்திக அமைப்பினர் தத்துவ விவேசினி என்ற தமிழ் இதழைத் தொடங்கி, 1888 வரை நடத்தினார்கள். அவர்கள் இங்கிலாந்து நாத்திகர்களைப் படித்தவர்கள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மணிமேகலைக் காப்பியத்தில் ஒரு பூதவாதி, அதாவது நிலம், நீர் போன்ற பூதங்களின் சேர்க்கையே உயிரும் உலகமும் என்று வாதிடுபவன், வருகிறான். கண்ணால் காண்பதைத் தவிர வேறு சான்றை ஏற்க மாட்டேன், மறுமை என்பது பொய் என்கிறான். மணிமேகலை சிரித்து, உன் தாய் தந்தையை மட்டும் எந்தச் சான்றால் அறிந்தாய் என்று மடக்குகிறாள். பௌத்தத்துக்காக எழுதப்பட்ட காப்பியம், அவனையும் பேச விட்டுத்தான் பதில் சொல்கிறது. நம்பாதவரோடு வாதாடுவது நம் மரபில் உண்டு. அவர் இந்த மண்ணைச் சேர்ந்தவரே இல்லை என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

ஃபேஸ்புக் விஷயத்தை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆவது பிரிவாக இருக்கிறது. மத உணர்வைப் புண்படுத்தும் திட்டமிட்ட, தீய நோக்கம் இருந்தால்தான் அது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை. ஒரு கொள்கையை, வழக்கத்தை, மதத் தலைவரின் செயலைக் காரணம் சொல்லி விமர்சிப்பது இதில் வராது. ஆனால் இந்தப் பிரிவில் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றம்தான் முடிவு செய்யும். கடைசியில் விடுதலை கிடைத்தாலும், அதுவரை அலைய வைக்கும். உங்கள் வருங்காலக் கணவரிடம் சொல்லுங்கள்: கருத்தை எழுதட்டும். வழிபடும் மனிதர்களையும் உருவங்களையும் இழிவுபடுத்தும் படங்களைப் பகிர வேண்டாம். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் சேமித்து வைக்கட்டும். 2017ல் கோவையில் நாத்திகக் கருத்துகளைப் பதிவிட்டு வந்த ஃபாரூக் என்ற இளைஞர் கொல்லப்பட்டார். அப்படி எழுத அவருக்கு இருந்த உரிமையை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். ஆனாலும் உங்களுக்கு எச்சரிக்கை சொல்லாமல் இருக்க முடியாது.

குழந்தையின் பள்ளிச் சேர்க்கையில் சாதி, மதம் என்ற இடங்களைக் காலியாக விடவோ, இல்லை என்று எழுதவோ பெற்றோர் விரும்பினால் பள்ளி ஏற்க வேண்டும் என்று தமிழக அரசு 1973லும் 2000லும் ஆணை போட்டிருக்கிறது. பள்ளி மறுத்தால் அந்த ஆணைகளைக் காட்டுங்கள். மதத்தைக் காலியாக விடுவதில் பெரிய இழப்பு இல்லை. சாதியைக் காலியாக விட்டால் குழந்தை இடஒதுக்கீட்டை இழக்கக்கூடும். அதை இருவரும் யோசித்து முடிவெடுங்கள். அரசு அங்கீகாரமோ நிதியோ பெற்ற எந்தப் பள்ளியிலும் உங்கள் சம்மதம் இல்லாமல் குழந்தையை மத போதனையிலோ வழிபாட்டிலோ கட்டாயப்படுத்த முடியாது. அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு அது.

அப்பாவின் காரியம். இதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. செய் என்றும் இல்லை, செய்யாதே என்றும் இல்லை. ஆகவே என் கருத்தைச் சொல்கிறேன். ஞானஸ்நானத்தில் "நான் விசுவாசிக்கிறேன்" என்று உங்கள் வாயால், உங்கள் பெயரில் உறுதி சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் அது பொய். அதை மறுத்துவிடுங்கள். அப்பாவின் ஈமச்சடங்கு அப்படிப்பட்டது இல்லை. அது அவருடைய நம்பிக்கை, அவருடைய விருப்பம். ஒருவர் எழுதிய உயிலை நிறைவேற்றுபவர் அதில் உள்ள ஒவ்வொரு வரியோடும் உடன்பட வேண்டியதில்லை. எழுதியவரின் விருப்பம் நடக்கும்படி பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான். நீங்கள் அந்த இடத்தில் நிற்கலாம். மனம் ஒப்பவில்லை என்றால் சித்தப்பா மகனோ வேறு உறவினரோ சடங்கைச் செய்ய, நீங்கள் பக்கத்தில் நின்று மற்ற ஏற்பாடுகளைப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டில் எதைச் செய்தாலும் நீங்கள் பொய்யர் இல்லை, மதத்துக்குத் திரும்பியவரும் இல்லை.

இந்தப் பேச்சை அவர் நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே பேசிவிடுங்கள். "உங்களுக்கு என்ன வேண்டுமோ அது குறையில்லாமல் நடக்கும்" என்று சொல்லுங்கள். மகள் மதத்தை விட்டால் தன்னையும் விட்டுவிடுவாள் என்ற பயம்தான், அவரைச் சொத்து பற்றியெல்லாம் பேச வைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் இருவரின் இறுதி விருப்பத்தையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சடங்கு வேண்டாம், உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுங்கள் என்று விரும்பினால் அந்தக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் பதிவு செய்யலாம். ஆனால் நடைமுறையில் உடலை ஒப்படைப்பது நெருங்கிய உறவினர்தான்; அவர்கள் மறுத்தால் உங்கள் கையெழுத்து தனியாக நின்று எதுவும் செய்யாது. ஆகவே ஒரு நகலைக் கணவரிடமும், இன்னொன்றை உங்கள் வீட்டில் உங்களைப் புரிந்துகொண்ட ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள்.